கேஸ் போட்ட கணக்கு

போன வாரம் பென்ஷன் புத்தகத்தைத் தேடி பீரோவைக் குடைந்துகொண்டிருந்தேன். புத்தகம் கிடைக்கவில்லை. "ஏசி" என்று என் கையெழுத்தில் எழுதிய பழைய ஃபைல் ஒன்று கிடைத்தது. 33 வருடம் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன் நான். பஞ்சாயத்து, நகராட்சி என்று ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ரிட்டையரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் வாங்கிய பல்புக்குக்கூட பில் வைத்திருப்பேன். என் மனைவி, "இவர் செத்தா பில்லோட சேர்த்துத்தான் எரிக்கணும்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஃபைலை எடுத்துத் தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். கூட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கோடை வருமுன் எழுதிவிட வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் படித்துப் பிரயோஜனம் இல்லை.

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் வந்துவிட்டார். ராஜா வரமாட்டார், பரவாயில்லை. ஆனால் ஆறும் மலையும் அப்படியேதான் இருக்கின்றன. பகலெல்லாம் சுட்ட பாறை ராத்திரி பத்து மணி வரை அனலைக் கக்கும். பாலாற்று மணலிலிருந்து வரும் காற்று முகத்தில் அடிக்கும்போது அடுப்பங்கரைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். சென்னைக்காரனுக்கு வேர்வைதான் கஷ்டம், சாயங்காலம் கடல் காற்று வந்து காப்பாற்றிவிடும். நமக்கு அதுவும் கிடையாது.

என் சின்ன வயதில் தோட்டப்பாளையத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். உயரமான கூரை, கனத்த சுவர், வாசலில் வேப்பமரம். ராத்திரி திண்ணையில் பாய் போட்டுப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். 1990-ல் கடன் வாங்கி சத்துவாச்சாரியில் கான்கிரீட் வீடு கட்டினேன். 1998-ல் மாடி எடுத்தேன். மேற்கே பார்த்த படுக்கையறை. அந்த அறையில் ஏப்ரல், மே மாதத்தில் படுப்பது இட்லிப் பானைக்குள் படுப்பது போலத்தான். அப்போதெல்லாம் வயது இருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

2011-ல் ரிட்டையரானேன். அடுத்த வருடம் ஏப்ரலில், மகன் வற்புறுத்தியதால், ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி ஒன்று வாங்கினேன். 31,500 ரூபாய். இது ஆடம்பரம் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி ஃபைலில் இருந்த கணக்கு. 2013 முதல் 2023 வரை பத்து முறை சர்வீஸ் செய்திருக்கிறேன் (2020-ல் கொரோனாவால் யாரையும் உள்ளே விடவில்லை). அதற்கு ஆனது 5,950. 2015-ல் கெபாசிட்டர் போனது, 450. 2016-ல் உள்ளே இருக்கும் போர்டு போனது, 3,200. பிறகு "கேஸ்" என்று போட்ட ஆறு பில்கள். 2017-ல் 2,200. 2018-ல் 2,400. 2019-ல் 2,500. 2021-ல் 2,800. 2022-ல் 3,000. 2023-ல் 3,200. கேஸுக்கு மட்டும் 16,100 ரூபாய். மொத்தச் செலவு 25,700. அதாவது ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கேஸுக்குப் போயிருக்கிறது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஏசி என்றால் கேஸ் தீரும், போடத்தானே வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாதிரி, அடுப்புக்கு சிலிண்டர் மாதிரி. அது அப்படி இல்லை. ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அறையில் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரும். நம் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே சமாச்சாரம்தான். 20 வருடம் ஓடிய ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருடா வருடம் கேஸ் போட்டோமா? ஏசியில் கேஸ் குறைந்தால் ஒரே அர்த்தம்தான், எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இதை எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. அதுதான் வெட்கம்.

2017 ஏப்ரலில் குளிர் குறைந்தபோது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். மேலே போய் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"சார், கேஸ் கம்மியாத்தான் இருக்குது. ஆனா கேஸ் போடறது முக்கியம் இல்ல. எங்க லீக்னு பாக்கணும். நைட்ரஜன் ஏத்தி, பிரஷர் நிக்குதான்னு பாத்து, ஜாயிண்ட்டுக்கெல்லாம் சோப்புத் தண்ணி வச்சிப் பாக்கணும். அரை நாள் ஆயிடும். அதுக்குக் கூலி 1,200. அப்புறம் கேஸ் தனி."

"அரை நாள் வேலைக்கு 1,200-ஆ? கேஸுக்கு மட்டும் சொல்லுப்பா."

"ஓட்டைய வச்சிக்கினு கேஸ் போட்டா அடுத்த வருஷம் என்னைத்தான் சார் திட்டுவீங்க."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு, "வேற யாரையாவது பாத்துக்குங்க சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வந்து பார்த்ததற்கு 150 ரூபாய் கேட்டார். "வேலையே செய்யாம எதுக்குக் காசு?" என்று கேட்டு 100 கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வேறொரு பையன் வந்தான். இருபது நிமிடத்தில் 2,200 ரூபாய்க்குக் கேஸ் போட்டான். அறை ஜில்லென்று ஆனது. 1,200 மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வருடம் மறுபடி குளிர் இல்லை. மறுபடி கேஸ்.

அன்றைக்கே 1,200 கூலியும் 2,200 கேஸும் சேர்த்து 3,400 கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். 16,100 கொடுத்தேன். 12,700 ரூபாய் நஷ்டம். இதைத் தவிர கரண்டு பில் தனி. கேஸ் குறைந்த மெஷின் அறையைக் குளிர வைக்க முடியாமல் கட்-ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நம் மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஏறிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்குப் போடும் படியே மாறிவிடும், கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். ஏப்ரல், மே பில்லில் அந்தக் கோட்டை நான் எத்தனை முறை தாண்டினேன் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

பணம் போனதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

2024-ஆம் வருடம் ஏப்ரல் கடைசி ஞாபகம் இருக்கிறதா? கத்திரி பிறக்கும் முன்பே 42 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியது. ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே இருக்கும் யூனிட் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. போன் செய்யாத இடம் இல்லை. கம்பெனி சர்வீஸில் "ஐந்து நாள் ஆகும்" என்றார்கள். தெரிந்த பையன்கள் போனையே எடுக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரம் ஊரில் பாதி வீட்டில் ஏசி நின்றிருக்கும்.

மூன்று ராத்திரி மின்விசிறியிலேயே ஓட்டினோம். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றியது. கீழே ஹாலில் படுக்கலாம் என்றேன். மனைவிக்கு முட்டி வலி, தரையில் படுக்க முடியாது. "பரவால்லங்க, நாலு நாள்தானே" என்றாள். அவளுக்கு அப்போது 66 வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், அதில் ஒன்று சிறுநீர் பிரிவதற்கானது. நான்காம் நாள் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவள் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது. கூப்பிட்டால் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். தலையில் அடிபடாததே தெய்வச் செயல். டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாக எடுத்துச் சொன்னார். "வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது ஐயா. வேர்வையும் சின்ன வயசு மாதிரி வராது. அதோட இந்த மாத்திரையும் சேர்ந்தா உடம்புல தண்ணி வத்திப்போறது தெரியவே தெரியாது. ராத்திரி ரூம் ஆறலைன்னா உடம்பும் ஆறாது." இதைக் கேட்ட பிறகுதான் ஏசியை ஆடம்பரம் என்று சொல்வதை விட்டேன். நம் ஊரில், நம் வயதில், மேல்மாடி கான்கிரீட் அறையில் படுப்பவர்களுக்கு அது மருந்துச் செலவு மாதிரி.

அதற்கப்புறம் ஒரு தம்பி வந்தான். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் டிரேடு இரண்டு வருடம் படித்தவன். கம்ப்ரஸர் போய்விட்டது என்றான். புதுசு 13,500, கேஸ் 3,500, ஆக 17,000. "எப்படிப்பா போச்சு?" என்று கேட்டேன். அவன் மேலே கூட்டிக்கொண்டு போய் உள்யூனிட்டின் பின்னால் செப்புக் குழாய் சேரும் இடத்தைக் காட்டினான். பித்தளை நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் புழுதி அப்பியிருந்தது. "கேஸோட கொஞ்சம் ஆயிலும் வெளிய வரும் சார். இந்த அழுக்கைப் பாத்தா பல வருஷமா லீக் இருந்திருக்கு. திரும்பி வர்ற கேஸ்தான் கம்ப்ரஸர் மோட்டாரைச் சூடாகாம வச்சிருக்கும். கேஸ் கம்மியாவே ஓட்டினா அது சூடாகிச் சூடாகி ஒருநாள் போயிடும்" என்றான்.

ஒரு பித்தளை நட்டு. குழாயின் நுனியை வெட்டி மறுபடி விரித்து இறுக்கியிருந்தால் தீர்ந்தது. 33 வருடம் ஊரார் கணக்கில் ஓட்டை தேடியவன், என் தலைமாட்டில் இருந்த ஓட்டையை ஏழு வருடம் தேடவிடவில்லை.

12 வருடம் ஆன மெஷின். உள்ளே இருந்தது பழைய ஆர்22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகமே படிப்படியாகக் கைவிட்டுவரும் சரக்கு. அதற்குப் போய் 17,000 போடுவது சரியில்லை என்று புதிதாகவே வாங்கினேன், 39,000 ரூபாய். பத்து வருடம் தாண்டிய மெஷினுக்குக் கம்ப்ரஸர் போனால் நீங்களும் அப்படித்தான் யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டியும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கெபாசிட்டர், போர்டு, ஃபேன் மோட்டார் என்று வந்தால் பயப்படாமல் ரிப்பேர் செய்யுங்கள். "சார், மெஷின் பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்ச்ல மாத்திடுங்க" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

இப்போது எதிர்வீட்டு அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணவர் ஆசிரியராக இருந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். போன மே மாதம் குளிர் வரவில்லை என்று செல்போனில் தேடிக் கிடைத்த ஒரு நம்பருக்குப் போட்டிருக்கிறார். கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு இருவர் வந்திருக்கிறார்கள். "பாருங்க, டியூப்ல தண்ணியே வரல, கேஸ் சுத்தமா இல்ல" என்று சொல்லி 6,800 வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் அந்த அம்மா பில்லோடு என்னிடம் வந்தார்.

தண்ணீர் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கேஸ் இல்லை என்று சொல்ல முடியாது. ஏசியில் வடியும் தண்ணீர் காற்றில் இருக்கும் ஈரம்தான். நம் ஊரில் மே மாத மத்தியானம் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? சென்னையில் வாளி வாளியாக வடியும், இங்கே சொட்டுதான் வடியும். அடுத்தது பில். அதில் "கேஸ் 1.5 கிலோ" என்று எழுதியிருந்தது. மாடிக்குப் போய் வெளியூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆர்32, 0.85 கிலோ என்று இருந்தது. மெஷினுக்கு மொத்தமே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். அதில் எப்படி ஒன்றரை கிலோ போட்டார்கள்? தணிக்கையில் இதற்கு நாங்கள் வைத்த பெயர் வேறு, இங்கே எழுதவில்லை.

அந்த நம்பருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி, ஸ்டிக்கர் படத்தையும் பில்லையும் வைத்துப் புகார் பதிந்தோம். மூன்று வாரம் கழித்து 3,500 ரூபாய் திரும்பி வந்தது. மீதியை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது என்றேன். அந்த அம்மா, "வேணாம் சார், வந்தது போதும்" என்றுவிட்டார். நம் வயதில் பலருக்கு அந்த அலுப்பு இருக்கிறது. அதை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள்.

இதுவரை படித்தவர்கள், கிழவன் மெக்கானிக்குகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கலாம். என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. திருடர்கள் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள். மற்றவர்கள் விஷயத்தில் பெரும் பங்கு தப்பு நம்முடையது.

நம் தலைமுறைக்கு ஒரு குணம் உண்டு. பொருளுக்குக் காசு கொடுப்போம், வேலைக்குக் கொடுக்க மாட்டோம். "கேஸ் 2,500" என்றால் பர்ஸைத் திறப்போம். "லீக் கண்டுபிடிக்கக் கூலி 1,200" என்றால் சண்டைக்குப் போவோம். கண்ணுக்குத் தெரியாத கேஸைப் பொருள் என்று நம்புகிறோம். கண்ணெதிரே மத்தியானம் இரண்டு மணி வெயிலில், கைவைத்தால் கொப்பளிக்கும் தகரத்தைக் கழற்றிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பது நமக்கு வேலையாகத் தெரிவதில்லை. அவனுக்கு வருடத்தில் நான்கு மாதம்தான் சீசன். கூலி கேட்டால் நாம் கொடுக்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கூலியைக் கேஸுக்குள் ஒளித்து வைக்கிறான். கேஸ் தேவையில்லாத வீட்டிலும் கேஸ் என்கிறான். ஒளிக்கத் தெரியாத மனுஷன், 2017-ல் என் வீட்டுக்கு வந்தவரைப் போல, 100 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அவரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் கேட்டேன். "அவர் கடையக் கட்டி நாலஞ்சு வருஷம் ஆவுது சார்" என்றார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த 50 ரூபாய் இன்னும் என் கணக்கில் பாக்கி.

அதனால் என் யோசனைகள் இவை. மாசியிலேயே சர்வீஸ் செய்துவிடுங்கள். அப்போது அவர்களுக்கும் வேலை குறைவு, நிதானமாகப் பார்ப்பார்கள். வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். கேஸ் குறைவு என்றால் "முதல்ல லீக் எங்கன்னு காட்டுப்பா" என்று சொல்லுங்கள். லீக் அடைத்தபின் வேக்குவம் பம்பு வைத்துக் குழாயில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, எடை போட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இருபது நிமிடத்தில் இதெல்லாம் நடக்காது. ஸ்டிக்கரில் எத்தனை கிலோ என்று இன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், 2019 நுகர்வோர் சட்டத்தில் என்ன உரிமை இருந்தாலும் காகிதம் இல்லாதவன் பேச்சு எடுபடாது.

கூப்பிடும் முன் நாமே பார்க்க வேண்டியதும் உண்டு. நம் ஊர்ப் புழுதிக்கு ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பேரனிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஏசியின் சக்தியை வெளியே 35 டிகிரி இருக்கும் என்று வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். நமக்கு வெளியே 42. அன்றைக்கு 18-ல் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவன் ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் சொல்வான். 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். வெளியூனிட் மேற்கு வெயிலில் இருந்தால் காற்றை மறைக்காமல் மேலே மட்டும் ஒரு நிழல் போடுங்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பெயிண்டோ அடியுங்கள். நான் போன வருடம் அடித்தேன், ராத்திரி சுவரைத் தொட்டாலே வித்தியாசம் தெரிகிறது. ஒரு ஏர்கூலரும் வாங்கி வைத்திருக்கிறேன். ஈரக் காற்று வீசும் ஊரில் அது உதவாது, நம் வறண்ட வெயிலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஏசி நின்றால் அந்த நான்கு நாளைத் தாண்டுவதற்காவது ஆகும்.

இன்னொன்று. எங்கள் தெருவில் மட்டும் 22 வீட்டில் ஏசி இருக்கிறது, பாதி வீட்டில் எங்களைப் போல இரண்டு கிழங்கள்தான். நகர் நலச் சங்கத்தில் நான் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சேர்ந்து படித்த ஒரு தம்பியை அமர்த்தி, கூலி இன்னது என்று எழுதிவைத்து, மாசியிலேயே வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று. அவனுக்கும் சீசன் இல்லாத மாதத்தில் வேலை. கோடையில் ஒரு வீட்டில் நின்றால் முதலில் நம் தெருவுக்கு வருவான். கம்பெனிகளும் உதிரி பாகங்களின் விலையை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-ல் ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வெளியிடுவது எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயம் என்று ஆக வேண்டும்.

சங்கத்தில் 14 வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், "வருஷத்துக்கு ஒரு தடவை 800 ரூபாயா?" என்கிறார்கள். நான் என் ஃபைலைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பி எங்கள் வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தான். ஒன்றரை மணி நேரம் வேலை. ஜாயிண்ட் ஜாயிண்டாக சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்து, "லீக் எதுவும் இல்ல சார், கேஸ் தொடத் தேவையில்ல" என்றான். 800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். மேலே 50 ரூபாய் வைத்தேன். "இது எதுக்கு சார்?" என்றான். பழைய பாக்கி என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மனைவி உள்ளிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஏங்க, பில்லு வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.